கம்ப்யூட்டர் உங்களுடையது, வீடியோவும் உங்களுடையது... அப்புறம் ஏன் மாசக் கட்டணம்?

ஆதம்பாக்கத்தில் உங்கள் வீடு. ஹாலில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் அக்கா கல்யாண வீடியோ, தாத்தாவின் சதாபிஷேகம், பத்து வருஷமாகச் சேர்த்து வைத்த எல்லாம் இருக்கிறது. நீங்கள் பரங்கிமலையில் மெட்ரோ ஏறுகிறீர்கள். கையில் போன். வீட்டு கம்ப்யூட்டரில் உள்ள வீடியோவை அப்படியே போனில் ஓட்டிப் பார்க்க முடியுமா?

முடியும். இதற்கான மென்பொருள்கள் பல வருஷமாக இருக்கின்றன. ஆனால், அவற்றில் ரொம்பப் பிரபலமான ப்ளெக்ஸ், 2025 ஏப்ரல் 29 முதல் வீட்டுக்கு வெளியே இருந்து பார்ப்பதைக் கட்டணச் சேவையாக மாற்றிவிட்டது. ஒரே வைஃபைக்குள் பார்த்தால் இலவசம். வாசலைத் தாண்டினால் காசு. மாதம் 1.99 டாலருக்கு ஒரு பாஸ் வந்தது. வாழ்நாள் சந்தா 119.99 டாலரில் இருந்து 249.99 டாலராக ஏறியது.

படம் அவர்களுடையது இல்லை, ஹார்ட் டிஸ்க்கும் அவர்களுடையது இல்லை. பிறகு எதுக்குக் காசு?

முதலில், இது எப்படி வேலை செய்யுது?

வீட்டு கம்ப்யூட்டரில் ஒரு சர்வர் மென்பொருள், போனில் ஒரு ஆப். போன் கேட்டதும் சர்வர் அந்த வீடியோவைத் துண்டு துண்டாக அனுப்பும். ஒரிஜினல் ஃபைல் பெரிதாக இருந்தால், போனுக்கும் நெட் வேகத்துக்கும் ஏற்ற மாதிரி அந்த நேரத்திலேயே சுருக்கி அனுப்பும். இதற்குப் பெயர் டிரான்ஸ்கோடிங்.

இங்கே ஒரு கணக்கு முக்கியம். ஒரு வீடியோ 8 எம்பிபிஎஸ் வேகத்தில் வந்தால், தினமும் 1.5 ஜிபி தரும் பேக் வெறும் 25 நிமிடத்தில் காலி. அதையே 2 எம்பிபிஎஸ்ஸாகச் சுருக்கினால் 100 நிமிடம் தாங்கும். போன் திரைக்கு அதுவே போதும். இன்னொன்று, உங்கள் போனுக்கு அது டவுன்லோடு, வீட்டுக்கு அப்லோடு. அதனால் வீட்டு பிராட்பேண்டின் அப்லோடு வேகம்தான் எல்லையைத் தீர்மானிக்கும்.

உண்மையான சிக்கல் எங்கே?

முகவரியில். வெளியில் இருக்கும் போன், வீட்டு கம்ப்யூட்டரைத் தேடிப் போக ஒரு ஐபி முகவரி வேண்டும். பழைய ஐபிவி4 முறையில் உலகம் முழுமைக்கும் சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலக அளவிலான கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. டிராய் கணக்குப்படி, 2025 மார்ச் இறுதியில் இந்தியாவில் மட்டும் சுமார் 96.9 கோடி இணையச் சந்தாதாரர்கள். எல்லோருக்கும் தனி முகவரி கிடைக்க வழியே இல்லை.

அதனால் பல பிராட்பேண்ட் நிறுவனங்கள், நிறைய வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. இதைச் சிஜிநாட் என்பார்கள். பெரிய அபார்ட்மென்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே ஒரே கதவு எண். நீங்கள் ஆர்டர் செய்த பார்சல் வந்தால் செக்யூரிட்டி மேலே அனுப்புவார். யாரும் கூப்பிடாமல் ஒருவர் வந்து நின்றால், எந்த ஃபிளாட்டுக்கு என்று தெரியாமல் திருப்பி அனுப்பிவிடுவார். மெட்ரோவில் இருக்கும் உங்கள் போன்தான் அந்த 'கூப்பிடாமல் வந்தவர்'.

உங்கள் வீடும் அப்படியா என்று பார்ப்பது சுலபம். ரவுட்டர் செட்டிங்ஸில் இணைய முகவரி 100.64-ல் இருந்து 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள்.

அதனால்தான் நடுவில் ஒருவர் தேவைப்படுகிறார். நேரடி இணைப்பு கிடைக்காதபோது ப்ளெக்ஸ் தன் சர்வர் வழியாகவே வீடியோவைக் கடத்தித் தரும். ரிலே எனப்படும் அந்த வழியில் சந்தாதாரருக்கும் 2 எம்பிபிஎஸ் வரைதான் வேகம். நாம் கட்டும் காசில் ஒரு பகுதி, நம் வீட்டுக்கே நாம் போக வழிகாட்டும் கூலி.

நடுவில் இருப்பவர் கடையை மூடினால்?

அதுவும் நடந்திருக்கிறது. வீட்டு டிவியை உலகின் எந்த மூலையிலும் பார்க்க வைத்த ஸ்லிங்பாக்ஸ் என்ற பெட்டி 2005-ல் விற்பனைக்கு வந்தது. நிறுவனம் 2022 நவம்பர் 9 அன்று தன் சர்வர்களை நிறுத்தியது. பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் அந்த நாளோடு வெளியில் இருந்து அதை அடைய முடியாமல் போனது.

அப்போ இலவச வழியே இல்லையா?

இருக்கு. ஜெல்லிஃபின் என்ற திறந்த மூல மென்பொருள் 2018 டிசம்பரில் பிறந்தது. எம்பி என்ற மென்பொருள் தன் மூல நிரலை மூடியதும், அதிலிருந்து பிரிந்து வந்தவர்கள் உருவாக்கியது. கட்டணம் கிடையாது, கணக்கு தொடங்கவும் வேண்டாம். ஆனால் முகவரிச் சிக்கலை அது தீர்த்துத் தராது. அதற்கு மூன்று வழிகள்:

● டெயில்ஸ்கேல் போன்ற தனியார் விபிஎன். தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசம், அமைப்பதும் எளிது. ஆனால் போனையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து வைப்பது அவர்கள் சர்வர்தான். இங்கேயும் ஒரு இடைத்தரகர் உண்டு.

● பிராட்பேண்ட் நிறுவனத்திடம் பொது ஐபி கேட்பது. பலர் இதற்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள்.

● ஐபிவி6. இதில் முகவரிப் பஞ்சமே இல்லை; ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி தரலாம். 2022 டிசம்பர் 31-க்குப் பிறகு தரப்படும் புதிய வீட்டு வயர்லைன் இணைப்புகள் ஐபிவி6-க்குத் தயாராக இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2021 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. உங்கள் இணைப்பில் அது இயங்குகிறதா என்று கஸ்டமர் கேரில் கேளுங்கள்.

கதவைத் திறந்து வைப்பது ஆபத்து இல்லையா?

ஆபத்துதான். பாஸ்வேர்டுகளைப் பாதுகாக்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் 2022-ல் நடந்த பெரிய திருட்டின் ஒரு கண்ணி, ஊழியர் ஒருவரின் வீட்டு கம்ப்யூட்டரில் இருந்த பழைய ப்ளெக்ஸ். அந்த ஓட்டையை ப்ளெக்ஸ் 2020 மே மாதமே அடைத்துவிட்டது. ஊழியர் அப்டேட் செய்யவில்லை, அவ்வளவுதான். ஆபீஸ் லாகின் இருக்கும் கம்ப்யூட்டரையே வீட்டு சர்வராகவும் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கணும். ரவுட்டரில் நேரடியாக போர்ட் திறப்பதைவிட விபிஎன் வழி பாதுகாப்பானது.

கரன்ட் பில்?

60 வாட் எடுக்கும் கம்ப்யூட்டர் நாள் முழுக்க ஓடினால், இரண்டு மாதத்தில் சுமார் 86 யூனிட். தமிழக அரசு தரும் இலவச யூனிட்டுகளில் கணிசமான பகுதி அதற்கே போய்விடும். 5 வாட்டில் ஓடும் ராஸ்பெர்ரி பை போன்ற குட்டி கம்ப்யூட்டருக்கு அதே இரண்டு மாதத்தில் சுமார் 7 யூனிட் போதும். ஆனால் அது டிரான்ஸ்கோடிங்கில் திணறும். வீடியோக்களை முன்கூட்டியே சுருக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

குடும்ப வீடியோவுக்குக் கவலையே இல்லை. மற்ற படைப்புகளை, தனிப்பட்ட பயன்பாட்டுக்காக நியாயமான அளவில் கையாள பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தருகிறது. ஆனால் உரிமை மீறும் நோக்கத்தோடு டிஜிட்டல் பூட்டை உடைத்தால், 2012-ல் சேர்ந்த 65ஏ பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை. தெருவுக்கே லாகின் கொடுத்து காசு வாங்கினால் அது 'தனிப்பட்ட பயன்பாடு' ஆகாது.

ஆக, என்ன செய்யலாம்?

எப்போதாவது பார்ப்பவர் என்றால், கிளம்பும் முன் வீட்டு வைஃபையில் போனில் இறக்கிக்கொள்வதே லாபம். டேட்டாவும் மிச்சம், சின்னமலை தாண்டி மெட்ரோ சுரங்கத்துக்குள் போனாலும் படம் நிற்காது. தினமும் பார்ப்பவர் என்றால் ஜெல்லிஃபினும் விபிஎன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். எந்த ஆப்பைத் தேர்ந்தெடுத்தாலும், அடுத்த முறை பிராட்பேண்ட் மாற்றும்போது வேகத்தோடு இன்னும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: ஐபிவி6 இருக்கா? அப்லோடு எவ்வளவு?