பாயிண்டர் பூச்சாண்டி

சி மொழியில பாயிண்டர்னு சொன்னதுமே பாதிப் பேர் தெறிச்சு ஓடறாங்க. "அது புரியாது மச்சி, மனப்பாடம் பண்ணிடு"ங்கறதுதான் இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல்கள்ல சீனியர் ஜூனியருக்குத் தர்ற அருள்வாக்கு. நான் சொல்றேன், பாயிண்டர் கஷ்டமே இல்லை. சொல்லிக் கொடுக்கிற லட்சணம்தான் கேவலம்.

பாயிண்டர்ங்கறது இன்னொரு இடத்தோட முகவரியை வச்சிருக்கிற வேரியபிள். வீட்டு விலாசம் எழுதின துண்டுச்சீட்டு மாதிரி. இதை எல்லா வாத்தியாரும் சொல்றாங்க. சொல்லிட்டு அங்கேயே நிறுத்திடறாங்க பாருங்க, அதுதான் வில்லங்கம். சீட்டு கையில இருக்கு, சரி. வீடு இன்னும் நிக்குதா? அதோட காம்பவுண்ட் எதுவரைக்கும்? முக்கியமான கேள்வியே இந்த ரெண்டும்தான்.

ஒரு ஃபங்ஷன் தன்னோட லோக்கல் வேரியபிளின் முகவரியை ரிட்டர்ன் பண்ணுதுன்னு வைங்க. ஃபங்ஷன் முடிஞ்சதும் அந்த இடம் நம்மது இல்லை. லாட்ஜ் ரூமைக் காலி பண்ணிட்டு சாவியை மட்டும் பையில போட்டுக்கிட்டு வந்த கதை. திரும்பிப் போய்த் திறந்தா சில சமயம் நம்ம பெட்டி அப்படியே இருக்கும். "ப்ரோக்ராம் ஓடுதே!"ன்னு சந்தோஷப்படுவோம். வேற ஆள் குடிவந்த அன்னிக்குத் தெரியும் சேதி.

காம்பவுண்டை மறந்தா என்ன ஆகும்? 2014-ல வெளியே தெரிஞ்ச ஹார்ட்ப்ளீட் ஓட்டையைப் பாருங்க. எதிராளி சொன்ன நீளத்தைச் சரிபார்க்காம, ஓபன்எஸ்எஸ்எல் பக்கத்து மெமரியையும் சேர்த்து ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரைக்கும் அள்ளிக் கொடுத்துச்சு. பாஸ்வேர்டு, ரகசியச் சாவி எல்லாம் அதுல போக வாய்ப்பிருந்தது.

பரீட்சையில இதைக் கேக்கறாங்களா? ம்ஹூம். "ஐ++ + ++ஐ, அவுட்புட் என்ன?" சி மொழியோட தரநிர்ணயமே இதுக்கு விடை கிடையாதுன்னு கைவிரிச்ச கேள்வி. அதுக்கு ரெண்டு மார்க் வேற!

"ஜாவா, பைத்தான்லாம் வந்தாச்சு, இனி பாயிண்டர் எதுக்கு?"ன்னு கேக்கற புண்ணியவான்களே, பைத்தான்ல ஒரு லிஸ்டுக்கு ரெண்டு பேர் வச்சு, ஒண்ணுல ஒரு அயிட்டம் சேருங்க. இன்னொண்ணுலயும் வந்து நிக்கும். ஏன்? வீடு ஒண்ணு, சீட்டு ரெண்டு. பாயிண்டர் எங்கேயும் போகலை, முக்காடு போட்டிருக்கு, அவ்ளோதான் :-)

வாத்தியார்களே, போர்டுல கட்டம் போடுங்க. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் குடுங்க, அம்புக்குறி வரைங்க. ஃபங்ஷன் முடிஞ்சதும் கட்டத்தை அழிச்சுட்டு, "இப்ப அம்பு எங்கே நிக்குது?"ன்னு கேளுங்க. பசங்க பதில் சொல்வாங்க. நட்சத்திரக்குறியை அப்புறம் பாத்துக்கலாம்.