கல்லாக விழும் மழை

ஓலைத்தொடுவாயில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: “தங்கச்சி, வானத்திலயிருந்து ஐஸ் கட்டி விழுமெண்டு சொல்லினம். ஒரு கிலோக் கல்லும் விழுமோ?”

விழும், சகோதரிகளே. 1986 ஏப்ரல் 14ஆம் திகதி பங்களாதேஷின் கோபால்கஞ்சில் விழுந்த ஓர் ஆலங்கட்டியின் நிறை 1.02 கிலோ. உலகில் பதிவானவற்றுள் மிகப் பாரமானது அதுதான். அந்த மழையில் 92 பேர் இறந்தார்கள். 1888 ஏப்ரல் 30இல் இந்தியாவின் மொராதாபாத்தில் 246 பேரின் உயிரை ஆலங்கட்டி மழை பறித்தது. (ஆலம் என்றதும் நஞ்சு என்று பயப்பட வேண்டாம். நீருக்கும் அந்தப் பெயர் உண்டு.)

வெயிலில் சூடான ஈரக் காற்று மேலெழுந்து பெரும் இடிமுகிலாகிறது. எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய 5 கிலோமீற்றர் உயரத்துக்கு மேலே உறைகுளிர். அங்கே குளிர்ந்தும் உறையாமல் மிதக்கும் நீர்த்துளிகள், ஒரு பனித்துணிக்கையில் பட்டதும் அதிலேயே உறைந்து ஒட்டிக்கொள்கின்றன. பணியாரத்தை மாவில் திரும்பத் திரும்பத் தோய்த்தால் தடிப்பதுபோல் அதுவும் பருக்கிறது. மேலெழும் காற்று தாங்கும்வரை அது விழாது. கிலோக் கணக்கில் ஒரு கல்லைத் தாங்க, மணிக்கு 150 கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் காற்று மேல்நோக்கி வீச வேண்டும்.

வங்காளத்தில் சித்திரை மாதத்தில் உயரத்துக் காற்றும் பலமாக வீசி முகிலைச் சரித்துவிடும். அதனால் பெய்யும் மழை, மேலெழும் காற்றை அணைத்துவிடாது. முகிலும் நெடுநேரம் நிலைக்கும். எங்களுக்கு அப்படி அமைவது அரிது. சிறு கட்டிகளும் சூடான காற்றினூடாக விழும்போது உருகிவிடும். தகரத்தில் பொட்டுப்பொட்டென்று விழும் பெருந்துளிகளில் பல, உருகிய ஆலங்கட்டிகளே. மலையகத்தில் நிலம் உயரம். உருகும் தூரம் குறைவு.

ஆனால் அதே முகிலுக்குள் பனிக்கட்டிகள் மோதுவதால்தான் மின்னேற்றம் பிறக்கிறது, மின்னல் வருகிறது. மன்னாரில் நாங்கள் பயப்பட வேண்டியது கல்லுக்கல்ல, மின்னலுக்கு. மார்ச், ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் அவதானம் தேவை.

இடி கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நிலத்தில் குப்புறப் படுக்கும் தாய்மார் இன்னும் இருக்கிறார்கள். அதைப் பகிடி பண்ணுவோரை எனக்குப் பிடிக்காது. ஷெல் விழுந்த நாட்களில் அந்தப் பழக்கம்தான் உயிரைக் காத்தது. ஆனால் மின்னலுக்கு அது பிழை. மின்சாரம் நிலத்தால் பரவும்; படுத்திருக்கும் உடம்பினூடாக அது பாய இடமுண்டு. விமானத்துக்கு ஒளிக்க மரத்தடி உதவியது. மின்னலுக்கோ உயர்ந்து நிற்கும் பனைதான் முதல் இலக்கு. தண்ணீர் நிற்கும் குழியும் வேண்டாம். ஓலைக் கொட்டிலும் நான்கு பக்கமும் திறந்த வாடியும் மின்னலைத் தடுக்கா. சுவரும் கூரையும் உள்ள கல்வீடு, பாடசாலை, கோயில் எது கிட்டவோ அங்கே போங்கள். கதவை மூடிய பஸ்ஸும் நல்லது. வெட்டைக் கடற்கரையில் கருவாட்டை அள்ளி முடிப்போம் என்று நிற்க வேண்டாம்.

மின்னியதும் பிள்ளைகளைச் செக்கன் கணக்கில் எண்ணச் சொல்லுங்கள். எண்ணும் பிள்ளைக்குப் பயமும் கொஞ்சம் குறையும். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். 30 எண்ணுமுன் இடி கேட்டால் எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து வெளியே வரலாம்.