கரையருகே நிற்கும் பொறியாளருக்காக

மாண்புமிகு ஆந்திர முதலமைச்சர் திரு. நாரா சந்திரபாபு நாயுடு அவர்களுக்கு,

2021 நவம்பர் மழையில் திருப்பதிக்கு அருகே ராயலசெருவு ஏரிக்கரை கசிந்தது. கீழுள்ள கிராமங்களை அவசரமாகக் காலி செய்தார்கள். மணல் மூட்டைகளை அடுக்கிக் கரையைக் காப்பாற்றினார்கள். அதே நாட்களில் கடப்பா மாவட்டத்தில் அன்னமய்யா அணையின் மண்கரை அடித்துச் செல்லப்பட்டது. பல உயிர்கள் போயின.

மண்கரையில் கசியும் நீர் தெளிவாக வந்தால் அளவைக் குறித்துக்கொண்டு கண்காணிக்கலாம். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிபடுகிறது என்று பொருள்; மணலும் ஜல்லியும் அடுக்கடுக்காகப் போட்டு, நீரை விட்டு மண்ணைத் தடுக்க வேண்டும். இது பாடத்தில் இருக்கிறது. கொட்டும் மழையில் கரைமேல் நின்று இதைக் கண்டறிய யார் பழக்குகிறார்கள்?

ஏரி எந்தத் துறையுடையதானாலும், அதற்கு மிக அருகில் இருப்பவர் கிராம செயலகத்தின் பொறியியல் உதவியாளர்தான். 2019இல் செயலகங்கள் தொடங்கியபோது டிப்ளமோ, பி.டெக் முடித்த சிவில் இளைஞர்கள் இந்தப் பணிக்கு வந்தார்கள். சிமென்ட் சாலை, வாய்க்கால், வீட்டுப் பணி என்று அளந்து எம்-புக் (அளவுப் பதிவேடு) எழுதுகிறார்கள். பதவி உயர்வுக்குத் தெளிவான வழி வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை. அது நியாயமானது. ஆனால் பணிமூப்பை மட்டும் கணக்கிட்டு உயர்த்தினால் போதாது. கற்றதும் கணக்கில் வரவேண்டும்.

வேலை பார்த்தபடியே தேர்வெழுதிப் பொறியாளராக ஏ.எம்.ஐ.இ. என்றொரு வழி இருந்தது. எத்தனையோ மேற்பார்வையாளர்கள் அதில் ஏறிவந்தார்கள். 2013 மே மாதத்துக்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பட்டத்துக்கு இணையான அங்கீகாரத்தை மத்திய அரசு நிறுத்தியது. டிப்ளமோவோடு வேலைக்கு வந்த ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய இழப்பு.

மாற்று வழி திருப்பதியிலேயே இருக்கிறது. நீங்கள் படித்த வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி 1959 முதல் நடக்கிறது, ஏர்ப்பேட்டில் ஐ.ஐ.டி. இருக்கிறது. டிப்ளமோக்காரர்களுக்குச் சம்பளத்துடன் விடுப்பு தந்து அங்கே பகுதிநேரப் பட்டம் படிக்க விடுங்கள். மற்றவர்களுக்கு ஆண்டுதோறும் மண், கசிவு, கலங்கல் (உபரிநீர்ப் போக்கி), மதகு பற்றிய களப்பயிற்சி கொடுங்கள். அதில் தேறுவதை உதவிப் பொறியாளர் பதவிக்குத் தகுதியாக்கி அரசாணை போடுங்கள். ஆணையில்லாத பயிற்சி, சான்றிதழோடு நின்றுவிடும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். அதற்கு முன்பே உங்கள் குப்பம் தொகுதியின் உதவியாளர்களைக் கொண்டு, ராயலசெருவுக் கரையிலேயே முதல் வகுப்பைத் தொடங்கிவையுங்கள்.

இப்படிக்கு,
சித்தூர் மாவட்டத் தமிழ்ப் பொறியாளர் ஒருவர்