பழைய வீட்டுக்குப் புது முகம் தேவையா?

1950, 60களில் கட்டிய வீடுகள் நம் ஊர்களில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. சென்னையில் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு காந்தி நகர் பக்கம் நடந்து போனால் கண்ணில் படும். மூலையில் வளைந்து திரும்பும் பால்கனி, ஜன்னல்களுக்கு மேல் கோடு இழுத்தது போல ஓடும் சன்ஷேடு, சூரியக் கதிர் டிசைன் போட்ட இரும்பு கிரில், மாடிப்படி ஓரத்தில் சிமென்ட் ஜாலி, கைப்பிடிச் சுவரின் நடுவில் வீட்டின் பெயரும் கட்டிய வருடமும்...

இவற்றுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. சுவரில் பாசி, சன்ஷேடில் வெடிப்பு. "எலிவேஷனை மாத்திடலாம்" என்று வீட்டுக்காரருக்கு ஒரு நாள் தோன்றுகிறது. தோன்றுவதில் தவறே இல்லை. வாடகைக்கு வருபவர் முதலில் பார்ப்பது முகப்பைத்தான். கல்யாணப் பேச்சுக்கு வருபவர்களும் அப்படித்தான்! குடியிருக்கிற வீட்டை அருங்காட்சியகம் போல அப்படியே வைத்திரு என்று யாரும் யாருக்கும் சொல்ல முடியாது. எப்படி மாற்றுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வழக்கமாக நடப்பது இதுதான். சன்ஷேடைத் தட்டிவிடுவார்கள். ஜாலியைச் செங்கல் வைத்து அடைப்பார்கள். மேலே ஏசிபி ஷீட், எலிவேஷன் டைல்ஸ், நடுவில் நீலக் கண்ணாடி. வீடு நகைக்கடை போல ஆகிவிடும். இதில் மூன்று சிக்கல்கள் உண்டு.

முதல் சிக்கல் தண்ணீர். பழைய கான்கிரீட்டில் விழும் வெடிப்பு பெரும்பாலும் உள்ளே கம்பி துருப்பிடிப்பதன் அறிகுறி. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை எடுத்துக்கொள்ளும். அது உள்ளிருந்து தள்ளத் தள்ள, கான்கிரீட் பெயர்ந்து விழும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இதை இன்னும் வேகப்படுத்தும். இந்த வெடிப்பின் மேல் ஷீட் அடித்தால் நோய் போகாது, பார்வையிலிருந்துதான் போகும். மழைத்தண்ணீர் ஷீட்டுக்குப் பின்னால் புகுந்து, காய வழியில்லாமல் தங்கும். வெளியே தெரியும்போது வைத்தியம் பெரிதாகியிருக்கும்.

இரண்டாவது வெயில். சன்ஷேடு அழகுக்காக மட்டும் வைத்ததல்ல. உச்சி வெயிலை ஜன்னலில் விழாமல் தடுப்பதும், ஐப்பசி மழைச் சாரலை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வதும் அதன் வேலை. ஜாலி காற்றை விட்டு வெயிலை மறைக்கும். இரண்டையும் எடுத்துவிட்டு மேற்குப் பார்த்த சுவரில் கண்ணாடி வைத்தால் மாலையில் அறை அடுப்பாகும். அந்தச் செலவு ஏசி வழியாக மாதாமாதம் கரண்ட் பில்லில் வரும்.

மூன்றாவது தீ. லண்டனில் 1974ல் கட்டி முடித்த கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் கட்டடத்துக்கு 2016ல் புது முகப்பு போட்டார்கள். 2017 ஜூனில் அங்கே பற்றிய தீ, நடுவில் பாலிஎத்திலின் வைத்த அந்த ஷீட்டுகள் வழியாகவே மேலே பரவியது. 72 பேர் இறந்தார்கள். இரண்டு மாடி வீட்டில் ஆபத்து அந்த அளவுக்கு இல்லைதான். ஆனாலும் ஷீட்டின் நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

இனி கணக்குக்கு வருவோம். நீண்ட காலம் பயன் தருவதும், சொத்தின் ஆயுளையோ சம்பாதிக்கும் திறனையோ கூட்டுவதும் மூலதனச் செலவு; இருப்பதை இருக்கிறபடி வைத்துக்கொள்ளச் செய்வது வருவாயினச் செலவு. பிளஸ் ஒன் பாடம்தான் இது. ஷீட்டு அடிப்பதை எல்லோரும் முதலீடு என்று நினைக்கிறார்கள். அதனால் வீட்டின் ஆயுள் கூடுகிறதா? ஒரு சதுர அடியாவது கூடுகிறதா? இல்லை. "வெறும் ரிப்பேர்" என்று தள்ளிப்போடும் சன்ஷேடு வேலைதான் உண்மையில் ஆயுளைக் கூட்டுகிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்? வரிசை முக்கியம். முதலில் மொட்டைமாடி ஒழுக்கையும் மழைநீர்க் குழாய்களையும் சரிசெய்ய வேண்டும். அடுத்து என்ஜினியரை வைத்துப் பார்த்து, துருப்பிடித்த கம்பியைச் சுத்தம் செய்து சன்ஷேடைப் பூச வேண்டும். பிறகு கிரில்லிலும் தேக்கு ஜன்னலிலும் அடுக்கடுக்காக ஏறிய பழைய பெயின்ட்டைச் சுரண்டி எடுத்தால், டிசைன் தானாக வெளியே வரும். கடைசியாகத்தான் கலர். சுவருக்கு ஒரு வெளிர் நிறம், சன்ஷேடு விளிம்புக்கும் பால்கனிக் கோடுகளுக்கும் இன்னொன்று, இரண்டே போதும். தொங்குகிற ஒயர்களையும் ஏசி பெட்டிகளையும் ஓரமாக ஒதுக்கி, கேட்டையும் வாசல் விளக்கையும் மாற்றினால் வீடு பத்து வயது குறைந்து நிற்கும்.

மும்பை மரைன் டிரைவ் பக்கத்தில் இதே வளைந்த பால்கனி, இதே சன்ஷேடு கொண்ட ஆர்ட் டெகோ கட்டடங்கள் இருக்கின்றன. 2018ல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதைப் பார்க்க டிக்கெட் எடுத்துப் போகிறவர்கள், தங்கள் தெருவில் அதன் தம்பி தங்கைகள் ஷீட்டுக்குள் மறைவதைக் கவனிப்பதில்லை.

கட்டிய வருடத்தைச் சுவரிலேயே எழுதி வைத்த தலைமுறை அது. பெயின்ட் அடிக்கும்போது அந்த நாலு இலக்கத்தையும் மூடிவிடாமல், இன்னொரு கலரில் எடுத்துக் காட்டினால் என்ன? யோசியுங்கள் நண்பர்களே!