மோட்டாரைப் போடத் தெரிந்த கருவிக்கு நிறுத்தத் தெரிய வேண்டாமா?

செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறி சென்னை பூங்கா நிலையத்தில் இறங்கினால், கொஞ்ச தூர நடையில் ரிச்சி தெரு. ரேடியோ, டி.வி. உதிரிபாகங்களுக்குப் பேர் போன தெரு. அங்கும் பக்கத்து நரசிங்கபுரம் தெருவிலும் இப்போது ரோபோ சாமான் விற்கும் சின்னக் கடைகள் வந்துவிட்டன. பொம்மைக் கார் சக்கரம், விரல் அளவு மோட்டார், விதவிதமான சென்சார், உள்ளங்கையில் அடங்கும் பச்சை, கறுப்பு அட்டைகள் என்று மாதாமாதம் புதுச்சரக்கு இறங்குகிறது. வாங்க வருவோர் பெரும்பாலும் பொறியியல் மாணவர்கள். விவசாயிகளில் பலர் அந்தப் பக்கம் போயிருக்க மாட்டீர்கள். ஆனால் அந்தச் சரக்கு உங்கள் மோட்டார் கொட்டகைக்கு எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது. செல்போனில் கூப்பிட்டால் மோட்டாரைப் போடும் பெட்டி இருக்கிறதே, அதற்குள் இருப்பதும் இதே இனம்தான்.

மைக்ரோகன்ட்ரோலர் என்பது ஒரு குட்டிக் கணினி. படம் காட்டாது, பாட்டுப் பாடாது. ஒரு கம்பியில் வரும் அளவைப் படிக்கும். நாம் எழுதிக் கொடுத்தபடி இன்னொரு கம்பியில் உத்தரவு போடும். இரவும் பகலும் அதையே அலுக்காமல் செய்யும். 2005-ல் இத்தாலியின் இவ்ரியா நகரில் மாணவர்களுக்காக உருவான ஆர்டுயினோ அட்டைதான் இதைச் சாதாரண ஆட்கள் கைக்குக் கொண்டுவந்தது. 2016-ல் ஷாங்காய் நிறுவனம் ஒன்று வைஃபை, புளூடூத் இரண்டையும் சேர்த்து இஎஸ்பி32 சில்லை வெளியிட்டது. 2021-ல் பிரிட்டனின் ராஸ்பெர்ரி பை, பிக்கோ என்ற அட்டையை 4 டாலருக்கு விற்றது. இன்று ஒரு மூட்டை டிஏபி வாங்கும் பணத்தில் இப்படி இரண்டு அட்டை வாங்கலாம். விலை இனி ஒரு தடை அல்ல. எதற்காக வாங்குகிறோம் என்பதுதான் கேள்வி.

செல்போன் ஸ்டார்ட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மகாராஷ்டிராவில் நானோ கணேஷ் என்ற பெயரில் பரவிய யோசனை இது. இரவில் பாம்புக்குப் பயந்து வரப்பில் நடக்க வேண்டாம், கரண்ட் வந்ததும் வீட்டிலிருந்தே மோட்டாரைப் போடலாம். நல்ல வசதி, குறை சொல்ல எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை இதற்கு மானியமும் தருகிறது. ஆனால் வரப்பில் நடந்து போன காலத்தில் ஆள் சும்மா போகவில்லை. மடையைப் பார்த்தார், பயிரின் முகத்தைப் பார்த்தார், ஊற்றும் தண்ணீரை ஒரு வாய் எடுத்துச் சுவைத்தும் பார்த்தார். கரித்தால் நிறுத்தினார். இப்போது அந்த நடை நின்றுபோனது. நாக்கின் இடத்தில் எந்தக் கருவியையும் நாம் வைக்கவில்லை. மின்சாரம் இலவசம், மோட்டார் விரல் நுனியில். நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை.

உள்நாட்டு ஊர்களில் இதனால் தண்ணீர் வீணாகும், அவ்வளவுதான் என்று சொல்லலாம். கோவளத்திலிருந்து மாமல்லபுரம், கல்பாக்கம் தாண்டிச் செய்யூர் வரை உள்ள கடலோர நிலத்தில் அப்படிச் சொல்ல முடியாது. ஒரு பக்கம் கடல். மறுபக்கம் பக்கிங்காம் கால்வாயும் கழிவெளியும். நடுவில் மணல். அந்த மணலுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர், கனமான உப்புத்தண்ணீரின் மேல் மிதக்கிறது. நூறு ஆண்டுகளுக்கும் முன்பே ஐரோப்பியக் கடலோரத்தில் இதற்குக் கண்ட கணக்கு ஒன்று உண்டு: கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். திருப்பிப் படியுங்கள். இறைத்து இறைத்து மேல்மட்டம் ஓர் அடி இறங்கி அப்படியே நின்றால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறிவரும். களிமண் அடுக்கு, பாறை என்று இடத்துக்கு இடம் இந்தக் கணக்கு மாறும். திசை மாறாது. போர்வெல்லுக்கு நேர்கீழே உப்பு கூம்பு போல எழும்பும். மோட்டாரை நிறுத்தினாலும் உடனே இறங்காது.

இதே ஊர்களில் கால்வாய் ஓரத்து இறால் பண்ணைக்காரரைப் பாருங்கள். சட்டைப்பையிலிருந்து ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, வெயிலுக்கு நேராகப் பிடித்து உப்பின் அளவைப் படித்துவிடுவார். அவருக்கு உப்பு என்பது காசு. முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுப் பண்ணையே இருக்கிறது. வரப்புக்கு இந்தப் பக்கம் வேர்க்கடலையும் தர்பூசணியும் போடுகிற நமக்கும் உப்பு காசுதான், நஷ்டக் காசு. அளக்கத்தான் மாட்டோம். மண் பரிசோதனை அட்டையில் ‘மின் கடத்தும் திறன்’ என்று ஓர் எண் இருக்கும். அதை எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

அந்த எண்ணைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். பாசனத் தண்ணீரில் அது 0.7 டெசி சீமென்ஸுக்குக் கீழே இருந்தால் பயமில்லை. 3-ஐத் தாண்டினால் கடுமையான கட்டுப்பாடு தேவை. இடையில் இருந்தால் பயிரையும் மண்ணையும் பொறுத்தது. இது உலக உணவு, வேளாண்மை அமைப்பின் அளவுகோல். வேர்க்கடலை, மண்ணின் உப்பு 3.2 வரை தாங்கும். அதற்கு மேல் ஒவ்வோர் அலகு கூடும்போதும் மகசூலில் 29 சதவீதம் போகும் என்கிறது அதே அமைப்பின் அட்டவணை. நெல் 3-லேயே பாதிக்கத் தொடங்கும், ஆனால் அலகுக்கு 12 சதவீதம்தான் இழக்கும். ஆக உப்பு ஏறும் நிலத்தில் முதலில் விழுவது கடலைதான். எப்போது ஏறியது என்று தெரிந்திருந்தால் அந்தப் பட்டத்தில் வேறு பயிருக்கு மாறியிருக்கலாம்.

இனி கடைச் சாமானுக்கு வருகிறேன். ‘டிடிஎஸ் சென்சார்’ என்று கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள். பரவலாக விற்பது 1,000 பிபிஎம் வரை மட்டுமே அளக்கும், குடிதண்ணீருக்காகச் செய்தது. 1 டெசி சீமென்ஸ் என்பது தோராயமாக 640 பிபிஎம். அப்படியானால் அந்தச் சென்சாரின் கண் ஒன்றரை டெசி சீமென்ஸுக்கு மேல் பார்க்காது. நமக்குத் தெரிய வேண்டியதே அதற்கு மேல்தான் இருக்கிறது. கடலோரத்துக்காரர்கள் கேட்க வேண்டியது 10 அல்லது 15 டெசி சீமென்ஸ் வரை அளக்கும் ‘ஈசி’ சென்சார். கூடவே 1.413, 12.88 என்று எண் எழுதிய இரண்டு சோதனைக் கரைசல் புட்டிகளும் வேண்டும். அவற்றில் நனைத்துச் சரிபார்க்காத எண்ணை நம்பாதீர்கள். தண்ணீரின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அளவு சுமார் 2 சதவீதம் கூடிவிடும் என்பதால் வெப்பச் சென்சாரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால், முதல் வருஷத்துக்கு இந்த அட்டை, சென்சார் எதுவுமே வேண்டாம். பேனா போன்ற கைப்பிடி ஈசி மீட்டர் ஒன்று போதும். மோட்டார் போட்டதும் ஓர் அளவு, ஒரு மணி நேரம் கழித்து ஓர் அளவு, நிறுத்தும் முன் ஓர் அளவு. நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதினாலும் சரி. முதல் அளவுக்கும் கடைசி அளவுக்கும் இடையே வித்தியாசம் பெருகிக்கொண்டே போனால், உங்கள் கிணறு எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது தெரிந்துவிடும். அந்த மணிக்கணக்கு கைக்கு வந்த பிறகு அட்டையை வாங்குங்கள். அப்போது அதற்கு என்ன உத்தரவு எழுத வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்: அளவு இத்தனையைத் தாண்டினால் மோட்டாரை நிறுத்து, எனக்கு ஒரு எஸ்எம்எஸ் போடு.

அளக்கும் கருவி எளிமையாக இருக்கலாம் என்பதற்குக் கோயம்புத்தூரில் சான்று இருக்கிறது. அங்குள்ள கரும்பு இனப்பெருக்க நிறுவனம் மண் ஈரம் காட்டும் கைக்கருவி ஒன்றைச் செய்தது. இரண்டு கம்பியை மண்ணில் குத்தினால் நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று ஏதாவது ஒரு விளக்கு எரியும். நீலம் என்றால் ஈரம் தாராளம், சிவப்பு என்றால் உடனே தண்ணீர் விட வேண்டும். செயலி கிடையாது, சிம் கிடையாது. படிக்காத பாட்டிகூடப் பார்த்துச் சொல்லலாம். இந்தப் புத்தி நம் கல்லூரிகளின் ‘ஸ்மார்ட் விவசாய’த் திட்டங்களில் ஏனோ குறைவு. ஜி.எஸ்.டி. சாலையிலும் ஓ.எம்.ஆரிலும் வருஷா வருஷம் எத்தனையோ மாணவர் குழுக்கள் பூந்தொட்டியில் சென்சார் குத்திப் படமெடுத்து மதிப்பெண் வாங்குகின்றன. பூந்தொட்டியில் எல்லாம் வேலை செய்யும். குத்தும் சென்சார் இரண்டு கால் கொண்ட மலிவுச் சரக்கு என்றால், நிலத்தில் சில வாரங்களில் அரித்துப்போகும்; உப்பு மண்ணில் இன்னும் சீக்கிரம். கறுப்புப் பட்டை போன்ற கெபாசிட்டிவ் வகை பரவாயில்லை. ஆனால் அதன் தலைப்பகுதிச் சில்லுகளையும் வெட்டு ஓரங்களையும் எபாக்சி பூசி மூடாமல் மண்ணில் இறக்கினால் அதுவும் ஊறிக் கெடும். உப்பு மண்ணில் அது காட்டும் ஈரமும் கொஞ்சம் பொய் கலந்தது. உங்கள் மண்ணையே காயவைத்து ஓர் எண், நனைத்து ஓர் எண் எடுத்து வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

நெல்லுக்கு இந்தச் சென்சாரே தேவையில்லை. ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ செய்பவர்கள் வயலில் துளையிட்ட குழாய் புதைப்பது மதுராந்தகம் பக்கத்தில் புதிதல்ல. மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. வரை தண்ணீர் இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். குழாய்க்குள் எட்டிப் பார்ப்பதே நல்ல சென்சார். தூரத்து வயல் என்றால் ஒலியால் தூரம் அளக்கும் சென்சாரைக் குழாய் வாயில் மாட்டலாம். அதில் ஒரு சூட்சுமம்: தண்ணீர் படாத வகை என்று விற்கப்படும் ஜேஎஸ்என் சென்சாருக்கு முதல் 20 செ.மீ. கண் தெரியாது. வாயிலேயே மாட்டினால் தண்ணீர் மேலே நிற்கும்போது தவறாகச் சொல்லும். குழாயை அந்த அளவுக்கு உயர்த்தி வைக்க வேண்டும்.

அடுத்து சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது. கடையில் நீல நிற ரிலே அட்டை விற்கிறார்கள். ‘10 ஆம்பியர், 250 வோல்ட்’ என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். மும்முனை மோட்டாரின் லைனை அதில் இணைத்துவிட வேண்டாம். 5 எச்.பி. மோட்டார் ஓடும்போது எடுப்பது 7 ஆம்பியர் சொச்சம்தான் என்றாலும் கிளம்பும்போது அதைப்போல ஆறு மடங்கு இழுக்கும். ஸ்டார்ட்டரின் காயிலுக்கு மட்டும் இணைக்கிறேன் என்பீர்கள். பல ஸ்டார்ட்டர்களில் காயில் இரண்டு ஃபேஸுக்கு நடுவே 415 வோல்ட்டில் ஓடுகிறது. 250 எழுதிய ரிலேயில் அதைக் கொடுக்கலாமா? நடுவில் அதற்கென்று செய்த கான்டாக்டரை வைத்து, ஓவர்லோடு, ஒருமுனைத் தடுப்பு இரண்டையும் அப்படியே விட்டு, உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் கையால்தான் செய்ய வேண்டும். ஈரக்காலோடு நிற்கும் கொட்டகை அது.

தகவல் அனுப்பும் சாமானிலும் ஏமாறுகிறார்கள். சிம்800 என்ற மலிவு மாட்யூல் 2ஜி மட்டுமே தெரிந்தது. ஜியோ சிம் போட்டால் பேசாது. 4ஜி மாட்யூல் கேளுங்கள். சிக்னலே எட்டாத சவுக்குத் தோப்புக்குள் என்றால் லோரா என்ற ரேடியோ மாட்யூல் உண்டு. அதில் இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடியது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். கடைக்காரர் 915 என்று எழுதியதைக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவையும் ஒரு விவசாயி தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது நியாயமும் இல்லை. உதவி வேளாண்மை அலுவலர்களே, இது உங்களுக்கு. ஊருக்கு ஓர் ஈசி மீட்டர், ஒரு நோட்டு, ஐந்தாறு கிணறு. வாரம் ஒரு முறை அளந்து எழுதினால் ஒரு வருஷத்தில் அந்த ஊரின் உப்பு எந்தப் பக்கத்திலிருந்து நகர்கிறது என்று வரைபடமே போட்டுவிடலாம். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒரு மேசை ஒதுக்கி, சென்சார்களைச் சரிபார்க்கும் கரைசலும் பற்றவைக்கும் சூட்டுக்கோலும் வைத்தால், பூந்தொட்டிப் படமெடுக்கும் அதே மாணவர்களை அங்கே உட்கார வைக்கலாம். செல்போன் ரிப்பேர் தெரிந்த இளைஞர் இல்லாத ஊர் இப்போது ஏது? அவரும் வருவார். கெட்டுப்போன அட்டையைத் தூக்கி எறியாமல் 100 ரூபாய்ப் பாகத்தை மட்டும் மாற்றிக் கொடுக்க ஆள் கிடைத்தால்தான் இந்தக் கருவிகள் இரண்டாவது பட்டத்தையும் பார்க்கும்.

மானியத்தில் இருக்கும் கோணலும் நிமிர வேண்டும். மோட்டாரைப் போடும் பெட்டிக்குப் பணம் கொடுக்கும் அரசு, கடலோர வட்டாரங்களிலாவது அந்தப் பெட்டியோடு உப்பு அளக்கும் சென்சாரையும் சேர்த்துக் கொடுக்கலாம். அளவு தாண்டினால் மோட்டார் தானே நிற்க வேண்டும் என்று நிபந்தனையும் போடலாம். திருப்போரூர், திருக்கழுக்குன்றம், செய்யூர் வட்டங்களில் இருப்பவர்கள், ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு மனு எழுதும்போது இதை ஒரு கோரிக்கையாகச் சேருங்கள். மனுவோடு உங்கள் கிணற்றின் மூன்று மாத அளவு எழுதிய தாளையும் இணைத்துக் கொடுங்கள்.