மனநோயும் வேலையும்: முழுக் குணத்துக்காகக் காத்திருக்க வேண்டுமா?

“முழுவதும் குணமான பிறகு வேலைக்கு அனுப்புகிறோம், டாக்டர்.” மனச்சிதைவு நோய், இருதுருவ மனநிலைக் கோளாறு ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தார் புறநோயாளர் பிரிவில் எங்களிடம் அடிக்கடி கூறுவது இது. அக்கறையால் எடுக்கும் முடிவுதான். எனினும் பலருக்கு இந்நோய்கள், நீரிழிவைப் போல, நீண்ட காலம் மருந்து தேவைப்படுபவை. காத்திருக்கும் ஆண்டுகளில் கற்ற தொழில் மறக்கிறது, அன்றாட ஒழுங்கு குலைகிறது, தன்னம்பிக்கை தேய்கிறது. அறிகுறிகள் கட்டுக்குள் வந்தவுடனேயே வேலையைப் பற்றி மருத்துவரிடம் பேசத் தொடங்குங்கள்.

வேலை நோயைத் தூண்டுமா?

ஐரோப்பாவின் ஆறு நகரங்களில் கடும் மனநோய் உள்ள 312 பேரிடம் நடத்தப்பட்டு, 2007-இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஒரு பிரிவினருக்கு வழக்கம்போல் முதலில் பயிற்சியும் பின்னர் வேலையும் என ஏற்பாடு செய்யப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு அவர்கள் விரும்பிய வேலை முதலில் தேடித் தரப்பட்டு, பணியில் இருக்கும்போதே ஆதரவு அளிக்கப்பட்டது. 18 மாதங்களில் முதல் பிரிவில் 28 விழுக்காட்டினரும், இரண்டாம் பிரிவில் 55 விழுக்காட்டினரும் வேலை பெற்றனர். மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்ந்தவர்களும் இரண்டாம் பிரிவிலேயே குறைவு. நம் நாட்டில் இத்தகைய சேவை இன்னும் பரவலாகவில்லை. ஆகவே ஆதரவின் பெரும்பங்கு குடும்பத்தைச் சார்ந்தே உள்ளது.

சட்டம் என்ன கூறுகிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, மனநோயையும் மாற்றுத்திறனில் சேர்த்துள்ளது. அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதில் 1 விழுக்காட்டை மனநோய், அறிவுசார் குறைபாடு, புற உலகச் சிந்தனையற்ற நிலை (ஆட்டிசம்) உள்ளிட்ட பிரிவினர் பகிர்ந்துகொள்கின்றனர். பணியில் இருக்கும்போது மாற்றுத்திறன் ஏற்பட்டால், அரசு நிறுவனம் அவரைப் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்யலாகாது என்பது 20-ஆம் பிரிவின் பொதுவிதி. அந்தப் பணி இயலாதெனில், அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும்.

மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கில், 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது. குற்றம் சாட்டப்பட்ட நடத்தைக்கு மனநோயும் ஒரு காரணமாக இருந்தால், அதற்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது பாகுபாடாகும் என்று தீர்ப்பளித்தது.

இதிலிருந்து நீங்கள் அறிய வேண்டியது ஒன்று: நோயின் உச்சத்தில் பணிவிலகல் கடிதம் கொடுக்காதீர்கள். வெட்கத்தாலோ, குற்றச்சாட்டுக் குறிப்பாணைக்கு அஞ்சியோ தாமே விலகியவர், இந்தப் பாதுகாப்பைப் பிறகு கோருவது மிகக் கடினம். மருத்துவச் சான்றுடன் விடுப்புக்கு விண்ணப்பியுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

• ஒதுக்கீட்டுக்கு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட பாதிப்புக்கான சான்றிதழ் தேவை. தன்னைப் பேணுதல், பிறருடன் பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நான்கும், நோயின் கால அளவும் மதிப்பிடப்படும். நல்ல நாள்களை மட்டுமல்லாது, இயலாத நாள்களையும் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள்.

• காலையில் மருந்தின் மயக்கம் இருந்தால், மருந்தை நிறுத்தாதீர்கள்; நேரத்தையோ அளவையோ மாற்ற இயலுமா என்று கேளுங்கள்.

• இருதுருவக் கோளாறு உள்ளவருக்கு உறக்கம் கெடுவதே நோயைத் திரும்ப அழைக்கலாம். இரவுப் பணிமுறையைத் தவிர்ப்பது நல்லது.

• தொடக்கத்தில் சில மணி நேரப் பணி போதும். முதல் வேலை நிலைக்காவிட்டால் அதைத் தோல்வி என்று கருத வேண்டாம்.

• நோயைப் பற்றி முதலாளியிடம் கூறுவதா என்பதை நோயரே முடிவு செய்யட்டும். சலுகை கோரும்போது மட்டும் தெரிவிக்க நேரிடும்.

வேலைவாய்ப்பு வழிகாட்டுதலுக்குச் சென்னை கிண்டியிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வாழ்க்கைத்தொழில் சேவை மையத்தை அணுகலாம். உறக்கக் குறைவு, சந்தேகம், தனிமை நாடுதல் ஆகியவை மீண்டும் தோன்றினால், உடனே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.