வேலைக் கறை என்று விட்டுவிடலாமா?

மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்கு வருவது என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். வெயிலில் சிவக்கும் தோலை அது அதிகம் தாக்குவது உண்மை. நம்மைப் போன்ற கறுத்த தோலில் அரிது. ஆனால் வந்தால், பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்தடியில் வருகிறது. ஜமைக்கா பாடகர் பாப் மார்லி 1981-ல், 36 வயதில் இறந்தது கால் பெருவிரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால்தான். பந்து விளையாட்டில் பட்ட காயம் என்றே முதலில் கருதினார்கள்.

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளில் ஈரத்தோல் சுமப்பதும், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குவதும், கழிவு அள்ளுவதும் இன்றும் பெரும்பாலும் நம் மக்கள் தலையில்தான் விழுகிறது. உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஊரில், தொட்டியில் இறங்குகிறவருக்கு ஒரு ஜோடி பூட்ஸ் கிடைப்பது பெரும்பாடு! குரோம் கடித்த புண்ணும் கறுத்த நகமும் பழகிப்போன கால்களில் புதிதாக ஒரு கரும்புள்ளி வந்தால் யார் கண்ணில் படும்?

குரோமியம் மெலனோமாவைக் கொண்டுவருகிறது என்று நாம் சொல்லவில்லை. அப்படி நிறுவப்படவும் இல்லை. வேலைப் புண்களுக்கு நடுவே அந்த நோய் ஒளிந்துகொள்ள முடியும் என்பதே நம் கவலை.

புள்ளி பரவினாலும், ஓரம் ஒழுங்கற்றுப் போனாலும், நிறம் மாறினாலும், நகத்தில் கருங்கோடு அகலமாகி அடித்தோலுக்கு இறங்கினாலும், புண் வாரக்கணக்கில் ஆறாவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சுடுவது, ஆசிட் வைப்பது, பிளேடால் கீறுவது கூடவே கூடாது. சிறு சதை எடுத்துப் பரிசோதித்தால் தெரிந்துவிடும். ஆரம்பத்திலேயே வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். தொடை இடுக்கில் நெறி கட்டும் அளவுக்குப் பரவிவிட்டால், பழைய கீமோ மருந்துகள் அவ்வளவாகக் கேட்பதில்லை. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புதிய ஊசிகள் உண்டு. விலையோ கூலிக்காரர் கைக்கு எட்டாதது.

அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையும், 1900-ல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சி.எம்.சி.யும் பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் கூலி போகிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இ.எஸ்.ஐ. உண்டு என்பது சட்டம்; எத்தனை பேர் கையில் அந்த அட்டை இருக்கிறது? குரோம் புண்ணும் ஒருவகைத் தோல் புற்றுநோயும் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையிலேயே இடம்பெற்றவை. அவற்றைக் காணும் மருத்துவர் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படிப் போன கடிதங்கள் எத்தனை என்று மாவட்ட நிர்வாகம் வெளியிடட்டும். தொழிற்சாலைகளில் நடக்கும் மருத்துவ முகாம்களில் பிரஷரும் சுகரும் பார்த்து அனுப்பாமல், செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலையும் பார்க்கட்டும்.